ஏத்தன் குலையும் எட்டு முதலாளிகளும்

நாகர்கோவிலில் சிப்ஸ் கடை நடத்தும் மரியாதைக்குரிய மச்சான் வன்னியபெருமாள் அவர்களுக்கு, கல்லாற்றிலிருந்து பிச்சையா வணக்கத்துடன் எழுதுவது. நானும் தங்கள் தங்கை வடிவம்மாளும் சுகம். தங்களுக்குச் சர்க்கரை இறங்கி, வியாபாரம் ஏறியிருக்க வேண்டுகிறோம்.

மச்சான், பிடியுங்கள் செய்தியை! எங்கள் கூட்டுப்பண்ணை கம்பெனி ஆகிவிட்டது! போன வாரம் வரை தோழர்களாக இருந்த எட்டுப் பேரும் இப்போது முதலாளிகள். குலுக்கல் போட்டதில் மேனேஜிங் டைரக்டர் யார் தெரியுமா? உங்கள் தங்கை புருஷன்தான்! ஓணத்துக்கு விளைந்து நிற்கிற ஏத்தன் வாழைக்குலைகளை வெட்டி விற்றால் கம்பெனி பிழைக்கும். மரத்திலேயே பழுத்தால் தொலைந்தோம். அதனால் வியாழக்கிழமை லாரியோடு வந்துவிடுங்கள்.

முதல் உத்தரவாக, "காலையில ஆறு மணிக்கே வெட்டத் தொடங்கணும்" என்றேன். அவ்வளவுதான், எட்டு முதலாளிகளில் ஒருவரான ராஜையன் அண்ணன் வெட்டுக்கத்தியைக் கீழே போட்டார். "மொதலாளி அராஜகம் தொடங்கியாச்சுடே! எடு கொடியை!" ஏழு முதலாளிகளும் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தாச்சு. உள்ளே நான் ஒருத்தன். ஆனால் ராஜையன் போட்ட கோஷம் இருக்கே, தாளமே இல்லை மச்சான்! பண்ணையில் எந்தச் சமரத்துக்கும், போராட்டத்துக்கும் கோஷம் எடுத்துக் கொடுத்தது நான்தானே? பொறுக்க முடியாமல் வெளியே ஓடிப்போய், "பிச்சையா முதலாளி ஒழிக!"ன்னு நானே தொடங்கினேன். பொன்முடி மலை வரைக்கும் கேட்டிருக்கும்! மனுவையும் நானே எழுதினேன். வாங்க ஆள் வேணுமேன்னு உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து வாங்கி, "ஆலோசிக்கலாம்"ன்னேன். இன்னொரு முதலாளி ஷாஜிக்கு முகம் சிவந்துட்டுது. "எந்தா திமிரு! நம்ம வேர்வையில இருந்துகிட்டு ஆலோசிக்காராம்!" எனக்கே என்மேல் ஆத்திரம் வந்துவிட்டது. விடுவேனா? மூணாம் நாள் நிர்வாகம் பணிந்தது! எட்டு மணிக்கு வேலை, பத்து மணிக்குச் சாயா. ஜெயித்ததற்கும் எனக்கு மாலை, விட்டுக்கொடுத்ததற்கும் எனக்கே மாலை!

மதினிக்கு என் வணக்கம். பிள்ளைகள் படித்து முன்னேறட்டும், முதலாளியாக மட்டும் ஆக வேண்டாம், நிம்மதி போய்விடும்.

இப்படிக்கு,
பிச்சையா
மேனேஜிங் டைரக்டர், போராட்டக் குழுத் தலைவர்

பின்குறிப்பு: லாரி வேண்டாம் மச்சான். நாங்கள் முன்வாசலில் கோஷம் போட்ட மூன்று நாளும், வடிவம்மாளும் மற்ற முதலாளிகளின் பெண்டாட்டிகளும் பின்பக்கமாகக் குலைகளை வெட்டித் திருவனந்தபுரம் சாலைக் கம்போளச் சந்தையில் விற்றே விட்டார்கள்! தோட்டத்தை இனி அவர்களே கூட்டாக நடத்தக் குத்தகைக்குக் கேட்டார்கள். மாலை போட்ட சந்தோஷத்தில் மேனேஜிங் டைரக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். "சொமக்க ஆளு வேணும், வாறியளா? ஆறு மணிக்கு வரணும்" என்றாள் தங்கள் தங்கை. சரி என்று சொல்லியிருக்கிறேன். கொடியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.