மல்லிகை மணக்கும் துணிகள்

சுமன் துணியை மூக்கருகே கொண்டுபோனான். மல்லிகை வாசம். அவன் முகம் வாடிப்போனது.

கார் துடைக்கும் மெல்லிய துணிகள் அவை. மொத்தம் பன்னிரண்டு. கெலிஓயாவில் அவன் வீட்டுக் கொடியில் காலை வெயிலில் ஆடிக்கொண்டிருந்தன. பிற்பகல் இரண்டு மணிக்குக் கண்டியில் அவனுக்குப் பரீட்சை. தேறினால் கட்டாரில், கார்களுக்கு மெருகேற்றும் பெரிய இடமொன்றில் இரண்டு வருட வேலை. கையிலிருக்கும் சாமான்களைப் பார்த்த பிறகுதான் வேலையைப் பார்ப்பார்களாம்.

கல்யாணமாகி எட்டு மாதம். அவன் போவதைப் பற்றி சுகிர்தா மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. சாமான்களைக் கழுவித் தருகிறேன் என்று நேற்று மாலை அவளேதான் வாங்கிக்கொண்டாள்.

"துணிக்கு வாசம் போட்டியா?"

"வெளிநாட்டு வேலைக்குக் காட்டப்போற துணி. மணமா இருக்க வேணாமாங்க?"

துவைத்தபின் மணத்துக்காக ஊற்றும் வாசத் தண்ணீர் பட்ட துணி ஈரத்தை உறிஞ்சாது, காரில் கோடு கோடாக விழும் என்று அவன் பொறுமையாக விளக்கினான். அவள் கண் கலங்கியது. பரவாயில்லை, பச்சைத் தண்ணீரில் நாலு தரம் அலசினால் போதும் என்று சொல்லிவிட்டு முகம் மழிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது துணிகள் அடுப்பில் பெரிய சட்டிக்குள் கொதித்துக்கொண்டிருந்தன.

"வாசம் வேரோட போயிரும்ங்க," என்றாள் சுகிர்தா, அகப்பையால் கிளறியபடி.

வாசம் போகவில்லை. மென்மைதான் போயிருந்தது. காய்ந்ததும் துணிகள் அப்பளம் போல விறைத்து நின்றன. சுமன் அவளைத் திட்டவில்லை. அழுகிறவளைத் தேற்றுவதிலேயே அரை மணி நேரம் கழிந்தது.

மிஞ்சியவை இயந்திரத்தில் ஒட்டி மெருகேற்றும் நான்கு பஞ்சு வட்டுகள். அவற்றை அவனே கழுவி, நிழலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். வந்து பார்த்தால் வட்டுகள் அடுப்பின் மேல், தோசைக்கல்லில் இருந்தன.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஈரத்தோடயா கொண்டுபோவீங்க?"

சூட்டில் பசை இளகி, வட்டுகளின் அடிப்பாகம் கழன்று வந்தது. வீட்டிலிருந்த பசையைத் தடவி அழுத்திக்கொண்டே சுமன் கண்டி பஸ்ஸில் ஏறினான்.

பரீட்சை கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. கறுப்புக் காரின் பொனட்டில் அவன் துணியை வைத்தான். துணி தண்ணீரை உறிஞ்சாமல் ஊர்வலம் கூட்டிப்போனது. இயந்திரத்தை ஓடவிட்டதும் வட்டு பிய்த்துக்கொண்டு பறந்து, பரீட்சகரின் தேநீர்க் கோப்பையில் போய் உட்கார்ந்தது.

அவர் கோபப்படவில்லை. வட்டை இரண்டு விரலால் எடுத்து, பிழிந்து, அவன் கையில் கொடுத்தார்.

"சாமானைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர் கையில் காரைக் கொடுக்க ஏலாது. அடுத்த மாதம் இன்னொரு பரீட்சை இருக்கு. அதுக்கு வாங்க."

வீடு திரும்பியபோது சுகிர்தா வாசலில் நின்றாள். அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, எல்லாம் தன்னால்தான் என்றாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அறியாமல் செய்தவளைக் குறை சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. சொல்லிக்கொடுக்காதது தன் தப்பு என்று நினைத்தான்.

"அடுத்த மாசம் சேர்ந்தே கழுவுவோம். நான் சொல்லித்தாறேன்."

அவள் அவன் தோளில் சாய்ந்து தலையாட்டினாள்.

அப்போது ஸக்கியா உள்ளே வந்தாள். சுமன் வேலை செய்யும் கராஜ் முதலாளியின் மனைவி. அங்கே துணிகளையெல்லாம் துவைப்பது அவள்தான். பரீட்சை என்னவாயிற்று என்று கேட்டாள். அடுத்த மாதம் மறுபடி போக வேண்டும் என்றான் சுமன்.

"அப்ப நல்லதாப் போச்சு," என்றாள் ஸக்கியா, சுகிர்தாவின் பக்கம் திரும்பி. "நேத்து நீங்க வந்து, இந்தச் சாமானெல்லாம் எதுல பழுதாகும்னு கேட்டீங்க தானே தங்கச்சி, வாசத்தண்ணி, கொதிதண்ணி, அடுப்புச் சூடு மூணும்தான் சொன்னேன், நாலாவது ஒண்ணு இருக்கு."