உள்ளங்கையில் மாமனார்

வெம்பக்கோட்டை அணைக்கரைக்குக் கீழே கையை நீட்டியபடியே நின்று முனியராஜுக்குத் தோள் வலியெடுத்துவிட்டது. தூரத்தில், கரைமேல், மாமனார் சோணைமுத்து வெள்ளை வேட்டியில் விறைப்பாக நின்றார். அவர் இவன் உள்ளங்கையில் நிற்பதுபோல் படம் வரவேண்டும். புதிதாக வாங்கிய கேமரா செல்போன் மனைவி பாண்டிச்செல்வியின் கையில் இருந்தது.

"ஏங்க, அப்பா ஒங்க கைக்கு மேல மெதக்குறாரு!"

யோசனை முனியராஜுடையதுதான். வீட்டை எதிர்த்து நடந்த காதல் கல்யாணம். பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேனான சோணைமுத்து, இந்த அச்சாபீஸ்காரனை 'மாப்ள' என்று கூப்பிட ஆரம்பித்ததே போன வாரம்தான். அந்தச் சூட்டோடு மாமனாரையும் மாமியார் அய்யம்மாளையும் ஞாயிற்றுக்கிழமை இங்கே அழைத்து வந்துவிட்டான். உங்களை உள்ளங்கையில் வைத்துத் தாங்குவேன் என்று படத்திலேயே காட்டிவிட வேண்டும் அவனுக்கு.

"அப்ப நான் இந்தப் பாறையில ஏறிக்கிடுறேன்" என்று காலைத் தூக்கினான்.

அதே நேரம் பாண்டிச்செல்வியும் செல்போனோடு தரையில் குந்தி, அவசரப்பட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டாள்.

முனியராஜ் செல்போனை வாங்கிப் படத்தைப் பார்த்தான். அவனுடைய செருப்புக் கால், எறும்பளவு மாமனாரின் உச்சந்தலையில் கச்சிதமாக இறங்கியிருந்தது.

"எப்படி வந்துருக்கு மாப்ள?" சோணைமுத்து கரையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"அழிங்க, சீக்கிரம் அழிங்க!" என்று பதறினாள் பாண்டிச்செல்வி.

ஒரு பொத்தானை அமுக்கினான். அந்தப் படம் செல்போனின் முகப்பிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. இன்னொன்றை அமுக்கினான். என்னவோ கேட்டது, சரி என்றான். காலையிலிருந்து எடுத்த நல்ல படங்களெல்லாம் போயின. இது மட்டும் நின்றது.

"காட்டுங்க மாப்ள."

"சார்ஜ் தீந்துருச்சு மாமா."

சொல்லி வாய் மூடவில்லை, அச்சாபீஸிலிருந்து யாரோ கூப்பிட, அணையே அதிரும்படி செல்போன் பாடியது.

"தீந்துபோனதா இந்தப் பாட்டுப் பாடுது?" சோணைமுத்து வாங்கிக்கொண்டார். பாட்டு ஓய்ந்தது. முகப்பு தெரிந்தது.

கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மீசை அசையவில்லை.

"தெரியாம வந்துருச்சு மாமா... பாறையில ஏறப் போனேன்..." முனியராஜ் பாறையைக் கைகாட்டினான்.

"ஏ அய்யம்மா, இங்கன வா. ஒன் மாப்ள என்னைய மிதிச்சிருக்காக, பாரு."

அய்யம்மாள் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்தினாள். பொத்தியும் சிரிப்புப் பீறிட்டது. அதைக் கண்டு சோணைமுத்துவின் மீசை துடித்தது. கடைசியில் அவரும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார்.

"ஏலே, நல்லாத்தாம்லே எடுத்துருக்க!"

'மாப்ள' போய், பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற 'ஏலே' வந்த பிறகுதான் முனியராஜுக்குப் போன உயிர் திரும்பியது. தூக்குச்சட்டியைத் திறந்து புளிச்சோறு வைத்தார்கள். அவனுக்கு அன்றைக்குப் பசித்த பசி!

சோணைமுத்து கை கழுவ எழுந்து போனார். அவர் தலை மறைந்ததும் அய்யம்மாள் மருமகன் பக்கம் குனிந்து, ரகசியமாகச் சொன்னாள்:

"இன்னுங் கொஞ்சம் அழுத்தி மிதிச்சிருக்கலாம்ல மாப்ள!"