மாமன் சீராக வந்த டாங்கிள்

பாண்டுப்பில் இருக்கும் பூலோகம் மாமாவுக்கும் அத்தைக்கும், தாராவியிலிருந்து மருமகள் செண்பகவல்லி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நன்றாக இருக்கிறோம். அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? போனிலேயே கேட்டிருக்கலாம். போனைக் காதில் வைத்தால் எனக்கு "ம்" என்பதைத் தவிர எதுவும் வராது என்று உங்களுக்கே தெரியும். அப்பாவுக்கு இந்த வாரம் உங்கள் பக்கம் பெயின்ட் வேலை என்பதால் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். தயவு செய்து இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.

பத்தாவதோடு நின்றுவிட்ட எனக்கு இப்போது ஒரு வேலை கிடைத்திருக்கிறது மாமா. செம்பூரில் குக்கர் விற்கும் கம்பெனி. வாங்கியவர்கள் தமிழில் சந்தேகம் கேட்பார்கள், நான் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் பதில் டைப் செய்ய வேண்டும். வாயைத் திறக்கவே வேண்டாம். எனக்கென்றே செய்த வேலை. பதினைந்து நாள் சோதனை. கடைசி இரண்டு நாளில் மூன்று தடவைக்கு மேல் நெட் அறுந்தால் வேலை இல்லை என்று ஸ்ரீலேகா மேடம் சொல்லிவிட்டார். நெட்டோ மணிக்கு ஆறு தடவை அறுகிறது. ஒரு அம்மாள், "குக்கர் குலுங்குது, என்ன செய்ய?" என்று கேட்டார். "முதலில் மூடியை" என்று அனுப்பினேன், லைன் போய்விட்டது. பதினோரு நிமிடம் கழித்து வந்து பார்த்தால், "மூடியை என்ன?", "மூடியை என்ன?" என்று பதினாறு தடவை கேட்டிருக்கிறார்.

அப்பா தகர ஏணியில் ஏறி வைஃபை பெட்டியை மூன்று இடம் மாற்றினார். அம்மா பக்கத்து வீட்டு ஆஸியா அக்காவின் தையல் மிஷின் மீது சந்தேகப்பட்டு அரைநாள் அதை நிறுத்த வைத்தார்கள். கேபிள்காரர் ஆதர்ஷ் வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்து, "சிக்னல் ஃபுல் ஹை தீதி, லேப்டாப் ஹீ பாகல் ஹை," என்று லேப்டாப்புக்குப் பைத்தியப் பட்டம் கொடுத்துவிட்டுப் போனார்.

உண்மை வெள்ளிக்கிழமை தெரிந்தது. நாங்கள் மாடி எடுத்துப் பால் காய்ச்சியபோது நீங்கள் சீராகக் கொண்டுவந்த லேப்டாப் அல்லவா? அதற்குள்ளிருந்த வைஃபை வேலை செய்யவில்லை என்று, வெளியே சொருகினால் நெட்டைப் பிடித்துத் தரும் சின்ன டாங்கிள் ஒன்றையும் தனித் தட்டில் வெற்றிலை மேல் வைத்துக் கொடுத்தீர்கள். அம்மா வெள்ளிதோறும் அதைக் கழற்றித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அந்தக் கால்மணி நேரமும் நெட் அறுபடவே இல்லை! பிறகுதான் தேடிப் பார்த்தேன். போன மாதம் லேப்டாப் தானாக அப்டேட் ஆனபோது உள்ளே செத்துக் கிடந்த வைஃபை பிழைத்துக்கொண்டது. இப்போது அதுவும் டாங்கிளும் ஒரே பெட்டியைப் பிடிக்கப் போட்டி போட்டு, ஒன்று பிடித்தால் மற்றது தள்ளிவிடுகிறது. அம்மாவோ, "பாத்தியா, பொட்டு வச்சதும் எப்பிடி ஓடுதுன்னு!" என்று இப்போது தினமும் வைக்கிறார்கள்.

கழற்றிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். "ஏட்டி, எங்கண்ணன் தாம்பாளத்துல வச்சுக் குடுத்த சீரு அது! அத புடுங்கி எறியுததும் எம் பொறந்த வீட்ட புடுங்கி எறியுததும் ஒண்ணுதான்!" சரி, இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று செட்டிங்கில் மட்டும் நிறுத்தினேன். அதன் நீல விளக்கு அணைந்துவிட்டது. அடுப்படியிலிருந்தே பார்த்துவிட்டார்கள். "அண்ணன் வெளக்கு ஏம்ட்டி அணைஞ்சு கெடக்கு? அங்க அவாளுக்கு என்னவும் ஆயிட்டோ?" செவ்வாய்க்கிழமை காலையில் உங்களுக்கு மூன்று தடவை போன் வந்து நலம் விசாரித்தது இதனால்தான். உள்ளே இருப்பதை நிறுத்தினாலோ, டாங்கிள் பத்து நிமிடத்தில் சூடாகிப் படுத்துவிடுகிறது. உள்ளே போன குங்குமம் அப்படி.

மாமா, நாளையும் நாளை மறுநாளும்தான் கடைசி. நீங்களே அம்மாவுக்குப் போன் செய்து, "அதக் கழட்டிச் சாமி அலமாரியில வையி" என்று ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை பிழைக்கும். உங்கள் சீரைக் குறை சொன்னதாக நினைக்க வேண்டாம். அத்தைக்கு என் அன்பு. உங்கள் இருவர் காலிலும் இங்கிருந்தே விழுந்து கும்பிடுகிறேன்.

மருமகள்,
செண்பகவல்லி

பி.கு.: இதை மடிக்கும் முன் அப்பாவின் வேலை இரண்டு நாள் தள்ளிப்போய்விட்டது. அந்த இரண்டு நாளும் அம்மா ஆண்டாப் ஹில்லில் ஒரு கல்யாண வீட்டில் இருந்ததால் நானே டாங்கிளைக் கழற்றிவிட்டேன். ஒரு தடவைகூட நெட் அறுபடவில்லை. வேலை நிரந்தரம்! ஆனால் ஸ்ரீலேகா மேடம், "உன் லைன் இவ்வளவு நன்றாக இருக்கிறதே, டைப்பிங் எதற்கு? உன்னைப் போனில் பேசும் வேலைக்கு மாற்றுகிறேன்," என்று எழுதியிருக்கிறார். லைன் தாங்குகிறதா என்று பார்க்க நாளை பத்து மணிக்கு லேப்டாப்பிலேயே அழைத்துப் பேசுவாராம், தாங்காவிட்டால் பழையபடி டைப்பிங்தானாம். எனவே மாமா, அம்மாவுக்கு நீங்கள் போன் செய்யவே வேண்டாம். டாங்கிளை நானே திரும்பச் சொருகிவிட்டேன். பொட்டும் வைத்துவிட்டேன், இன்றைக்குக் குங்குமம் கொஞ்சம் தாராளமாகவே.