புலிக்கண்ணும் வாத்துக்கண்ணும்

மாலை நான்கு மணி பத்து நிமிடம். போலீஸ்காரரிடம் நாலரை என்று சொன்னேன். என் மனைவியிடமும் நாலரை என்றுதான் சொன்னேன். அந்த இருபது நிமிடப் பொய்யை இத்தனை வருடம் கழித்து எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். (வீட்டில் ஏற்கெனவே தெரியும். எப்படித் தெரிந்தது என்பது கடைசியில் வரும்.)

தொண்ணூறுகளின் தொடக்கம். திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் புரொடக்‌ஷன் இன்சார்ஜ். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும், விடுமுறை நாளிலும் கழற்றமாட்டேன். ஒரு டெய்லர் ஒரு பனியனுக்குத் தோள் மூட்ட எத்தனை வினாடி எடுக்கிறார் என்று அவர் முதுகுக்குப் பின்னால் நின்று குறித்துக்கொள்வது என் உத்தியோகம். பட்டம் வாங்கியவன், அதனால் உலகத்தில் எல்லா வேலையையும் வினாடிக் கணக்கில் புரிந்துகொள்ளலாம் என்று நம்பினேன். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது, நான்கு வயதில் ஒரு மகள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அண்ணாச்சி ஒருவர் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். அங்கே ஒரு பின்பால் மெஷின் இருந்தது. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை, குண்டு மெஷின் என்பார்கள். கட்டில் நீளத்துக்குச் சாய்வான கண்ணாடி மேசை. ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் இரும்புக்குண்டு மேலே ஏறி, முட்டி மோதிக் கீழே உருண்டு வரும். அடியில் இரண்டு குட்டிக் கைகள். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் அந்தக் கைகள் குண்டை மறுபடி மேலே தட்டும். தவறவிட்டால் நடுவில் உள்ள ஓட்டையில் குண்டு போய்விடும். ஒருவருக்கு மூன்று குண்டு. கோபத்தில் மெஷினைப் பிடித்து உலுக்கினால் எல்லா விளக்கும் அணைந்து ஆட்டம் செத்துவிடும்.

அந்த மெஷினின் நடுவில் ஒரு புலி முகம். அதைச் சுற்றி நிற்கும் ஐந்து சின்னப் பலகைகளையும் குண்டால் அடித்துச் சாய்த்தால்தான் புலியின் வலது கண் எரியும். கண் எரியும்போது இடதுபக்கப் பாதையில் குண்டை ஏற்றினால் பத்தாயிரம் பாயிண்ட். ஒருமுறை ஏற்றியதும் கண் அணைந்துவிட வேண்டும். செய்தவன் அப்படித்தான் செய்திருப்பான். ஆனால் எங்கள் ஊர் ஈரமோ பஞ்சுத் தூசியோ உள்ளே புகுந்து, அந்தக் கண் அணையவே இல்லை. எப்போதும் எரிந்துகொண்டே இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள், நான் ஒருவன்தான் யோசித்தேன். (இந்த வாக்கியத்தை அன்று எவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் தெரியுமா?)

பாதையில் ஏறும் குண்டு சுற்றி வந்து மெஷினின் வலது கையிலேயே இறங்கும். கையைத் தூக்கிப் பிடித்தால் குண்டு மடியில் உட்கார்ந்தமாதிரி அப்படியே நிற்கும். நிதானமாகக் குறிபார்த்து மறுபடி அடிக்கலாம். பத்தாயிரம், மறுபடி பத்தாயிரம். பலகை வேண்டாம், வித்தை வேண்டாம்.

எங்களுக்குள் நன்றாக ஆடுபவர் பழனிச்சாமி. முழு பனியனையும் ஒரே ஆளாகத் தைக்கும் பழைய டெய்லர். ஆட்டமும் அப்படித்தான். பலகையைச் சாய்ப்பார், மணியை அடிப்பார், எல்லா மூலைக்கும் குண்டை அனுப்புவார். பார்க்க அழகாக இருக்கும். அவர் என்னிடம் சொன்னார்:

"ஏனுங் சார், ஒரே எடத்துல அடிச்சுட்டு இருக்கறது ஆட்டமுங்களா? எல்லாப் பக்கமும் பாத்து ஆடோணுங்க."

"பழனி, லைன்ல பாரு. ஒருத்தன் தோள் மட்டும், ஒருத்தன் கை மட்டும். ஒரே வேலையத் திருப்பித் திருப்பிச் செய்யறவன்தான் ஜெயிப்பான்."

"பனியனுக்குச் சரிங்க," என்றார் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி போட்டி வைத்தார். முதல் பரிசு மிக்ஸி. கோகிலா, என் மனைவி, அதே கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் பீஸைப் புரட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பவள். (வீட்டிலும் அந்த வேலை தொடர்ந்தது.) அன்று ஷிப்மென்ட் அவசரத்தில் அவளுக்கு வேலை இருந்தது. கிளம்பும்போது சொன்னாள்:

"புள்ளைய ஊட்டுலயே வெச்சுக்கோங்க. வெளிய போனீங்கன்னா கையப் புடிச்சுக்கோங்க."

"அவ கையயா, என் கையயா?"

"ரெண்டையும்தான்."

சிந்துவுக்கு மஞ்சள் டீ-ஷர்ட் போட்டுவிட்டேன். நெஞ்சில் ஒரு வாத்துப் படம். அந்த சீசனில் எங்கள் கம்பெனி தைத்த ஆர்டர் அது. நிறம் ஒத்துவரவில்லை என்று கடைசி நேரத்தில் வெளிநாட்டுக்காரன் கேன்சல் செய்துவிட்டான். கேன்சல் ஆன துணி எங்கே போகும் என்பது திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கடையில் அவளை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, கையில் கடலைமிட்டாய் கொடுத்தேன். என் திட்டம் இதுதான்: குண்டைக் கையில் நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் திரும்பி ஒரு பார்வை. ஓர் அடி, ஒரு பார்வை. பழனிச்சாமி சொன்ன 'எல்லாப் பக்கமும்' என்பதற்கு நான் வைத்திருந்த பதில்.

முதல் இரண்டு குண்டும் சீக்கிரம் போய்விட்டன. மூன்றாவது குண்டு பிடிபட்டது. அடித்தேன், பார்த்தேன், சிந்து இருந்தாள். அடித்தேன், பார்த்தேன், காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. பிறகு இரண்டு அடிக்கு ஒரு பார்வை, பிறகு ஐந்துக்கு ஒன்று. சுவர்க் கடிகாரத்தில் நாலு பத்து ஆனபோது பார்த்தேன். மிட்டாய்க் காகிதத்தைச் சப்பிக்கொண்டிருந்தாள். அதற்குப் பின் நான் பார்க்கவில்லை. எனக்கு முன்பு ஆடிய பழனிச்சாமியின் பாயிண்ட் எண்ணிக்கையைத் தாண்டப்போகிறேன் என்று யாரோ கத்தினார்கள்.

"ஆட்டாதிய சார், மெதுவா, மெஷின் செத்துரும்!" என்றார் அண்ணாச்சி.

தாண்டினேன். கைதட்டல். சிரித்துக்கொண்டே ஸ்டூல் பக்கம் திரும்பினேன். காலி.

அப்போது நான் என்ன செய்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. குண்டு மெஷினின் வலது கையில் நின்றுகொண்டிருந்தது. வாசலில் மிட்டாய் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று நினைத்தேன். இன்னும் நான்கு அடி அடித்தேன். நான்கு. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பிழைத்தவன், எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வாசலில் அவள் இல்லை.

ஞாயிறு மாலை திருப்பூர்த் தெரு எப்படியிருக்கும்? முந்தின நாள் வாரச் சம்பளம் வாங்கிய ஊர் மொத்தமும் ரோட்டில் இருக்கும். மஞ்சள் தெரிந்த இடத்துக்கெல்லாம் ஓடினேன். தெரு முழுக்க மஞ்சள் தெரிந்தது. அப்போதுதான் உறைத்தது. கேன்சல் ஆன அந்த ஆர்டரை ஊரே வாங்கி உடுத்தியிருந்தது.

பஸ் ஸ்டாண்டு போலீஸ்காரர் கேட்டார், "கடைசியா எப்ப சார் பாத்தீங்க?"

"நாலரை."

மணி ஐந்து. அரைமணி நேரம்தானே, சின்னக் குழந்தை, பஸ் ஸ்டாண்டைத் தாண்டியிருக்காது என்று அவர் உள்ளேயே தேடச் சொன்னார். என் பொய்யைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். மைக்கில் அறிவித்தார்கள்: நான்கு வயதுப் பெண் குழந்தை, மஞ்சள் பனியன், வாத்துப் படம்.

முதலில் ஒரு வாத்து வந்தது. அழுதுகொண்டிருந்த பையன். அப்புறம் இரண்டு வாத்துகள், அக்கா தங்கை, கூடவே அவர்களின் அம்மா: "ஏனுங்க, எம்பட புள்ளைகள எதுக்குங்க மைக்குல கூப்புடறீங்க?" அரைமணியில் ஏழு வாத்துகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு முறையும் கூட்டம் விலகி மஞ்சள் தெரியும்போது நான் ஓடிப்போய் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஒரு தகப்பன் என் சட்டையைப் பிடித்தார். அவர் பிள்ளையை நான் கூர்ந்து பார்த்தது அவருக்குப் பிடிக்கவில்லை. சிரிப்பு வரும் காட்சிதான். பிறகு பழனிச்சாமி பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார், ஊரே சிரித்திருக்கிறது. நான் மட்டும் எழுந்து முகம் கழுவப் போய்விடுவேன்.

ஐந்தே முக்காலுக்குக் கோகிலா வந்தாள். பழனிச்சாமிதான் கம்பெனிக்கு ஓடிச் சொல்லியிருந்தார். அவள் அழவில்லை. வரிசையாக நின்ற வாத்துகளைப் பார்த்தாள், ஒவ்வொன்றின் நெஞ்சையும், செக்கிங் டேபிளில் பார்ப்பதுபோல.

"எப்பங்க பாத்தீங்க கடைசியா?"

"நாலரை."

மைக் அறைக்குள் போனாள். அவள் சொன்னதை அவர்கள் அப்படியே திருப்பிச் சொன்னார்கள்: "வாத்துக்குக் கண்ணு கழுத்துல இருக்கும். பிரிண்ட் தப்பான பீஸ். கண்ணு கழுத்துல இருக்கற வாத்து." ரிஜெக்ட் குவியலில் இருந்து மகளுக்கென்று அவளே எடுத்து வந்தது. என் மகளின் மார்பில் இருந்த அந்தக் குறையை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. புலியின் கண் மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த நாற்பது நிமிடத்தைப் பற்றி என்னால் எழுத முடியாது. அதனால் பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என் எண்ணிக்கையை யாரும் தாண்டவில்லை. அண்ணாச்சி மறுவாரம் மிக்ஸியை வீட்டுக்கே கொண்டுவந்தார். கோகிலா அதை வாசலிலேயே திருப்பிவிட்டாள்: "அதுல அரைச்ச சட்னி தொண்டையில எறங்குமுங்களா?" அது பழனிச்சாமிக்குப் போனது. சிந்து இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவள் போன் எடுக்கப் பத்து நிமிடம் தாமதமானால் நான் அவள் தோழிகள் எல்லோரையும் அழைத்துவிடுவேன். "அப்பா, நான் எந்த மூட்டையிலயும் இல்ல," என்பாள். கூட்டத்தில் நான் அவள் கையைப் பிடித்தால் தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்து, ஒரே குரலில் ஒரு வாக்கியத்தைச் சொல்வார்கள். அந்த வாக்கியம் பஷீர் பாயுடையது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி அவருடைய வேஸ்ட் குடோன். பனியன் வெட்டும்போது விழும் துண்டுத்துணியை வாங்கி, பிரித்து, மெஷினில் அழுத்திப் பேல் என்னும் இறுகிய மூட்டையாகக் கட்டி அனுப்புகிறவர். வெள்ளைத்துணியில் கலர் கலந்து வந்தால் கம்பெனிக்காரர்களிடம் வந்து குறைசொல்வார். வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் ஞாயிறு திறந்திருக்கும். ஆறரை மணிக்கு அவருடைய டிவிஎஸ் மொபெட் கூட்டத்துக்குள் வந்து நின்றது. முன்னால் சிந்து, முடியெல்லாம் வெள்ளைப் பஞ்சு. கோகிலா அவளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மெத்தை வண்டி போச்சும்மா," என்றாள் சிந்து. வேஸ்ட் ஏற்றிப்போன வண்டியின் பின்னாலேயே போய், வெள்ளைத்துணிக் குவியலில் ஏறித் தூங்கியிருக்கிறாள்.

"நாலு இருபதுக்கு நான் டீ குடிச்சுட்டு வரும்போதே மஞ்சளா ஏதோ கெடந்துச்சுங்க," என்றார் பாய். "துணின்னு நெனச்சுட்டேன். அப்பறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

நாலு இருபது. கோகிலா குழந்தையின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"ஆறேகாலுக்குப் பேல் போட வெள்ளைய மொத்தமா மெஷினுக்குத் தள்ளச் சொன்னேனுங்க. அதுக்கு முன்னால கலர எடுக்கோணுமில்லீங்களா, இல்லாட்டி எவன் வாங்குவான்? மஞ்சளப் புடிச்சு இழுத்தேன். வாத்துக்குக் கண்ணு கழுத்துல இருந்துச்சு. மைக்குலயும் அதையேதான் சொல்லீட்டிருந்தாங்க."

பாய் டிவிஎஸ் ஹேண்டிலை இறுகப் பிடித்துக்கொண்டு, என் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சைப் பார்த்துச் சொன்னார்:

"சார், வெள்ளையில கலர் கலந்துட்டீங்க. பாத்துப் பிரிக்க மாட்டீங்களா?"