இளைக்க வேண்டிய ட்ரேக்கள் கொழுத்தது குறித்து

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். செடிகள் நலமா என்று நீ கேட்பதற்குள் நானே எழுதிவிடுவது மரியாதை என்று தோன்றியது. ஒரே வரியில் எழுதத் தைரியம் இல்லாததால் கடிதம் சற்று நீளும், பொறுத்துக்கொள்.

நீ பயிற்சிக்குக் கிளம்பும்போது மொட்டைமாடியில் சதைப்பற்றுச் செடி ட்ரேக்களை இரண்டு வரிசையாக வைத்து, "இடது வரிசைக்கு அளந்து ஊத்துங்க. வலதுக்கு நான் வர்ற வரைக்கும் சொட்டுக்கூடக் கூடாது. அதுங்க இலைக்குள்ளயே தண்ணி சேத்து வெச்சிருக்கும்ப்பா" என்றாய். வறண்டு கிடந்தும் அவை பிழைத்தால்தான் குடியிருப்போர் சங்கத் தலைவர் மாடி முழுவதும் செடி வைக்க அனுமதிப்பார், இல்லாவிட்டால் தகரக் கூரை என்பதும் எனக்கு மனப்பாடம். ஆகவே தினமும் ஒவ்வொரு ட்ரேயாகத் தூக்கி எடை பார்த்தேன். தண்ணீர் ஊற்றாதவை இளைக்க வேண்டும் அல்லவா? முதலில் இளைத்தன. பிறகு கொழுக்கத் தொடங்கின.

தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று கண்ணாடியைத் துடைத்தேன், எடை மெஷினைத் துடைத்தேன், அதில் அரிசிப் பையை வைத்தேன், நானே ஏறியும் நின்றேன் (நான் இளைத்திருக்கிறேன், அம்மாவிடம் சொல்லாதே), எல்லாம் சரியாகவே இருந்தது, செடிகள் காற்றையே குடிக்கின்றன என்று உனக்குப் போன் போடக் கை பரபரத்தது, ஆனாலும் ஒரு சந்தேகத்தில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். முதலில் வந்தவள் உன் அம்மா. துணிக்கூடைக்குள் சொம்பு.

"ஏங்க, அங்க ஒளிஞ்சு என்ன பண்றீங்க?"

"நீ என்ன பண்றே?"

"பாருங்க, எப்படி வாடிச் செவந்து கெடக்கு! வெச்சவ கிளம்பிப் போயிட்டா, நாமளும் பட்டினி போடறதா? ஒரு வாய்தான் ஊத்தினேன்."

அதட்டத்தான் வாயைத் திறந்தேன். "முட்டி வலியோட மாடி ஏறாதே" என்பது மட்டுமே வெளியே வந்தது. அடுத்து கீழ்வீட்டுத் தையல்காரர், இஸ்திரிக்குத் தெளிக்கும் பாட்டிலோடு. கடைசியாக, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் பூவாளியோடு வந்தவர் சங்கத் தலைவரேதான்!

"சார், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இதுங்க மூஞ்சியப் பாத்தா மனசு கேக்கலை."

மூவர் அன்பும் சேர்ந்து வலது வரிசை வேர் அழுகிக் கொழகொழத்துவிட்டது. தாகத்தில் ஒன்றும் சாகவில்லை, எல்லாம் உபசரிப்பில் போயின. இடது வரிசையை யாரும் பரிதாபப்பட்டுப் பார்க்காததால் அது சௌக்கியம். துக்கம் தாங்காமல் தலைவர் மாடி முழுவதும் செடி வைக்கச் சம்மதித்துவிட்டார். ஒரே நிபந்தனை, மூலைக்கு மூலை தண்ணீர்க் குழாய் போட வேண்டுமாம்.

ஆனால் மனதைத் தளரவிடாதே. வலது வரிசையின் கடைசி ட்ரே தண்ணீர்த் தொட்டி மறைவில் இருந்ததால் அந்த மூவர் கண்ணிலும் படவில்லை. அது மட்டும் இளைத்துக்கொண்டே வந்ததால் அதற்குத்தான் ஏதோ நோய் என்று இத்தனை நாளும் கவலைப்பட்டேன். இலை சுருங்கி, ஓரம் சிவந்து, கல் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. நீ சொன்னதற்கெல்லாம் அந்த ஒரு ட்ரே சாட்சி. உன் கையில் ஒப்படைக்கும்வரை அதன்மேல் துளி படவிட மாட்டேன். மாடிச் சாவி இப்போது என் இடுப்பில்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நிறையத் தண்ணீர் குடி. நீ எடுத்த காரியமெல்லாம் செழிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் அந்த ட்ரேயைப் பார்த்துவிட்டு வரப் போனேன். தன்னந்தனியாக இவ்வளவு தாக்குப்பிடித்ததற்கு ஒரு பாராட்டுக்கூடச் சொல்லாமல் திரும்புவது எப்படி? கையில் டம்ளர் இருந்தது. ஒரு வாய்தான் ஊற்றினேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.