பன்னிரண்டு வீதத்தில் பிடுங்கிய வயர்

அரைகுறையாகத் தெரிந்தவளைப் போல ஆபத்தான பிறவி உலகத்தில் கிடையாது. ஒன்றுமே தெரியாதவள் சும்மா இருப்பாள். முழுதாகத் தெரிந்தவளும் சும்மா இருப்பாள். நானோ கொம்பியூட்டர் வகுப்புக்கு ஒன்றரை மாதம் போனவள்.

முந்தல் ஊரில் இறால் பண்ணை வைத்திருக்கும் என் சாச்சா, வாப்பாவின் தம்பி, பண்ணைக் கணக்கு எழுதும் கந்தோருக்குப் புதிதாக ஒரு கொம்பியூட்டர் வாங்கி என் பொறுப்பில் விட்டார். அவருடைய மகளின் கல்யாணம் முடிந்த கையோடு, படங்கள் அத்தனையையும் கமராவிலிருந்து அதற்குள் ஏற்றினேன். "இனிக் கமராவில எதுக்கு சாச்சி? அழிச்சிடுவோம்" என்று சாச்சாவின் மனைவிக்கு யோசனை சொன்னதும் நான்தான். (அழித்ததும் நான்தான்.) அன்று பின்னேரம் கரண்ட் போய்க் கொம்பியூட்டர் பட்டென்று அணைந்தது. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

மறுநாள் படம் பார்க்கும் ஆசையில் சாச்சி கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பொத்தானை அழுத்தினேன். வழக்கமான நீலப் படத்தைக் காணோம். கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்தில் இங்கிலீசு. எனக்கு விளங்கியது கொஞ்சம்தான்: உள்ளே டிஸ்க்கில் ஏதோ பிழையாம், சோதிக்கிறதாம். கீழே நூற்றுக்கு எத்தனை என்று ஓர் எண் ஏறிக்கொண்டிருந்தது. ஐந்து வீதம். ஒன்பது வீதம்.

சாச்சியின் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"சாச்சி, அழியிது!"

"எனத்த புள்ள அழியிது?"

"கல்யாணப் படமெல்லாம்! இந்தா, ஒம்பது வீதம் போயிட்டு!"

நான் போட்ட சத்தத்தில் குளக்கட்டிலிருந்து சாச்சா ஓடி வந்தார்.

இறால் பண்ணைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குளத்தில் நோய் தெரிந்தால் நின்று யோசிக்க மாட்டார்கள். உடனே தண்ணீரை மறித்துவிடுவார்கள். யோசித்து முடிப்பதற்குள் எல்லாம் செத்து மிதக்கும். சாச்சா திரையைப் பார்த்தார்.

"நோய் கண்டா பாத்துக்கிட்டு நிக்கப்படாது புள்ள. கரண்ட மறி!"

பன்னிரண்டு வீதத்தில் வயரைப் பிடுங்கினேன்.

மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பப் போட்டால் அதே கறுப்புத் திரை, பூச்சியத்திலிருந்து. மறுபடியும் பிடுங்கினேன். எத்தனை தடவை என்று மட்டும் கேட்காதீர்கள். (சாச்சி இதற்கிடையில் உயிர் போகும் நேரத்தில் ஓதும் யாசீனை ஓதத் தொடங்கியிருந்தார்.) சாச்சா, குளத்தில் நோய் வந்தால் செய்வதுபோலவே, வாசலில் ஒரு பேசின் நிறைய பிளீச்சிங் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "வெளிய போறவங்க கால நனைச்சிட்டுப் போங்க" என்றார். அது எங்கள் ஒருவருக்கும் வேடிக்கையாகத் தோன்றவில்லை. நானும் பயபக்தியோடு நனைத்தேன்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பள்ளியில் பாங்கு சொன்னார்கள். கடைசியாகப் போட்டதைப் பிடுங்க என்னிடம் தெம்பில்லை.

"விட்டுட்டு வா மகள். போனது போகட்டும்" என்றார் சாச்சி. அந்தக் குரலைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தொழுதுவிட்டு வந்து பார்த்தால், திரையில் நீலப் படம்! திறந்து பார்த்தேன். கல்யாணப் பெண் ஒரு படமும் குறையாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். படம் அழிகிறது என்றபோது வந்ததைவிடப் பெரிய அதிர்ச்சி இதுதான். வகுப்பு மிஸ்ஸுக்குப் போன் போட்டேன்.

"கரண்ட் சட்டென்று போனா அது தன்னைத்தானே சரிபாக்கும். முடியிற வரைக்கும் தொடாம இருந்தாச் சரி" என்றார்.

அது பாவம், தன்பாட்டில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மருந்தைத் தட்டிவிட்டவள் நான்.

பிறகு என் நிக்காஹ் வந்தது. நிக்காஹ் நடத்திய லெப்பை, பெண்ணை ஏற்கச் சம்மதமா என்று கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தார். சபை உறைந்துபோயிற்று. நான் பெண்கள் பக்கத்துத் திரை இடுக்கால் எட்டிப் பார்த்தேன். என்னருகிலிருந்து சாச்சியின் குரல் கணீரென்று வந்தது.

"ஒருத்தரும் தொடாதீங்க! சரிபாக்கிறார். தானா வருவார்!"

வந்தார். இன்றைக்கும் காலையில் எழும்பி, வாய் திறக்காமல் தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் கதவால் எட்டிப் பார்த்து என்னிடம் கேட்பார்கள்:

"உம்மா, வாப்பா இப்ப எத்தின வீதம்?"