பிஸ்டன் பாய்க்கு ஒரு பாட்டில் கன்னியாகுமரி

தூரப் பயணம் புறப்படும் மோட்டார் சைக்கிள்காரர்களை அவமானப்படுத்துவதில் பிஸ்டன் பாய்க்கு நிகரான மனிதர் அன்றைய சென்னை ராஜதானியின் எந்த மூலையிலும் இருந்திருக்க முடியாது. இதை யோசித்துத்தான் எழுதுகிறேன். மிகைப்படுத்திச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

திருத்தணியில் மலைப் படிகள் தொடங்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ரோட்டோரமாக அவருடைய தகரக் கொட்டகை இருந்தது. யுத்த காலத்தில் அரக்கோணத்தில் ராணுவ வண்டிகளைப் பழுது பார்த்தவர். யுத்தம் முடிந்து அந்த வேலை போனதும் தம்மைத் தாமே தூரப் பயண ஆலோசகராக நியமித்துக்கொண்டார். அந்த வழியாகப் போகும் எந்த மோட்டார் சைக்கிளும் அவரிடம் எண்ணெயைக் காட்டாமல் தாண்ட முடியாது. நடு ரோட்டில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்பார். வண்டி நின்றதும் காதில் செருகியிருக்கும் ஈர்க்குச்சியை எடுத்து எண்ணெய்த் தொட்டிக்குள் விட்டு, வெளியே இழுத்து, சொந்தக்காரனின் மூக்குக்கு நேரே ஆட்டுவார்.

"இன்னா சார் இது, எண்ணெயா தாரா? இத்த ஊத்திகினு எந்த ஊருக்குப் போறதா உத்தேசம்?"

கேட்கப்பட்டவர் சப் கலெக்டராக இருந்தாலும் சரி, துரையாக இருந்தாலும் சரி, இதே கேள்விதான், இதே குச்சிதான்.

புது வண்டி வாங்கியவர்கள் மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போடுவார்கள். குருக்கள் கற்பூரத்தை ஏற்றும் நேரம் பார்த்து பாய் குறுக்கே வருவார்.

"சாமி, நெருப்பக் கொஞ்சம் தள்ளிப் புடிங்க. பெட்ரோல் மூடி லூசா கீது."

"யோவ் பாய், நீ உன் வேலையப் பாருய்யா!"

"அதத்தாங்க பாத்துகினு கீறேன்."

குருக்கள் கற்பூரத் தட்டோடு நாலடி பின்னால் போவார். வண்டிக்காரன் அசடு வழிவான். பாய் எலுமிச்சம்பழத்தை ஓரமாக நகர்த்திவிட்டுச் செயினை இழுத்துப் பார்ப்பார்.

நான் அப்போது அந்த ஊர் நில அளவை ஆபீசில் வரைபடம் போடுகிறவன். பென்சிலைக்கூட நீள வரிசையில் அடுக்கி வைப்பவன். ராணுவம் ஏலத்தில் விட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதற்கான கைப்புத்தகத்தைத் தருவித்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருந்தேன். கன்னியாகுமரி வரை போய்வருவதென்று முடிவு செய்து, பெட்ரோல் கூப்பன்களை மாதக் கணக்கில் மிச்சம் பிடித்தேன். இப்படிப்பட்ட ஒருவனை அந்த மனிதர் பஜார் தெருவில் என்ன பாடு படுத்தினார் தெரியுமா?

வண்டியைச் சோதிக்கிறேன் என்றார். சரி, ஏறி ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் ஏறவில்லை. என்னை ஓட்டச் சொன்னார், அதுவும் ஆள் நடக்கும் வேகத்தில். பெட்ரோல் டாங்கியின் மேல் ஒரு கையை வைத்து, சிலிண்டர் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு, லுங்கியை மடித்துக்கட்டிப் பக்கத்திலேயே ஓடிவந்தார். பூக்கடை, வளையல் கடை, மொட்டையடித்த யாத்திரிகர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இருக்கிறது என்று யாரோ சொன்னதும் என் காதில் விழுந்தது.

பிறகு போதனை ஆரம்பித்தது.

"இருபது மைலுக்கு ஒரு தபா எறங்குங்க. விரல்ல எச்சி தொட்டு சிலிண்டர் மேல வையுங்க. 'சுர்'னா ஓட்டுங்க. 'சுர்ர்ர்ர்'னா நிழல்ல நிறுத்துங்க."

"புத்தகத்தில் அப்படி இல்லை."

"செயினுக்குத் தேங்காண்ணெ தடவாதீங்க, மண்ணு ஒட்டும். காத்து இழுக்கிற வாய்க்கு மெல்லிசு துணி கட்டுங்க. வழில யாராச்சும் விளக்கெண்ணெ குடுத்தா தொட்டில ஊத்திறாதீங்க. இருக்கிற எண்ணெயோட சேராது, கோந்தாப் பூடும். எண்ணெய மாத்தச்சே வண்டி சூடா இருக்கணும். ஆறிப்போனா அழுக்கு அடியிலயே தங்கிடும்."

"அது புத்தகத்திலேயே இருக்கிறது."

"புக்கு எழுதுனவரு கனகம்மாசத்திரம் ரோட்டப் பாத்துகிறாரா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இவ்வளவு சொல்றீங்களே பாய், நீங்க இதுவரைக்கும் எத்தனை மைல் ஓட்டியிருக்கீங்க?"

"நானா? ஏறுனதே இல்ல சார்."

வெட்கமில்லாமல் சொன்னார். மோட்டார் சைக்கிள் என்றில்லை. பஸ், ரயில், ஜட்கா எதிலும் அவரால் போக முடியாதாம். சக்கரம் நகர்ந்தால் தலை சுற்றும், குடலைப் புரட்டிக்கொண்டு வாந்தி வரும். அரக்கோணத்து வேலைக்குத் தினமும் நடந்தே போய் நடந்தே வந்திருக்கிறார். கால் கொண்டுபோன இடத்துக்கு மேல் அவர் ஓர் ஊரைப் பார்த்ததில்லை. இந்த மனிதர்தான் எனக்குத் தூரப் பயணத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

அநியாயம் அதோடு முடியவில்லை. கொட்டகைக்குள் பலகை அடித்து, பாட்டில்களை வரிசையாக நிறுத்தியிருந்தார். எல்லாவற்றிலும் கருப்பாக, ஓடித் தேய்ந்த எண்ணெய். அம்மையார்குப்பத்து நெசவாளிகள் கழித்துப் போட்ட நூலை ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிறமாகக் கட்டியிருந்தார். பச்சை நூல் மைசூர். சிவப்பு நூல் ஐதராபாத். மஞ்சள் நாகப்பட்டினம். அந்தந்த ஊருக்குப் போன வண்டியில் இருந்து அங்கேயே வடித்த எண்ணெயாம்.

"ஹஜ்ஜுக்குப் போனவங்க எங்களுக்கு ஜம்ஜம் தண்ணி கொண்டாறாங்க. காசிக்குப் போன அய்யருங்க சொம்புல கங்கை கொண்டாறாங்க. எண்ணெ எனக்கு அது மாதிரி சார்." பச்சை நூல் பாட்டிலைத் திறந்து நீட்டினார். "மோந்து பாருங்க. சந்தன வாசனை வருதா?"

முகர்ந்தேன். "இல்லை. கரிந்த எண்ணெய் வாசனைதான் வருது."

அவர் முகம் சுருங்கியது. எனக்கு அதில் பரிதாபம் ஏற்படவில்லை. இல்லாத வாசனையை இருக்கிறது என்று சொல்ல என்னால் ஆகாது.

பலகையின் ஓரத்தில் நீல நூல் கட்டிய பாட்டில் ஒன்று காலியாக நின்றது. அது கன்னியாகுமரி. அங்கே போவதாகச் சொல்லிவிட்டுப் போன இரண்டு பேர், எண்ணெயை மறந்து வெறுங்கையோடு திரும்பினார்களாம். அவர்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் பாயின் குரல் இறங்கியது. துடைத்துத் துடைத்துப் பளபளவென்றிருந்த அந்தப் பாட்டிலை என் கையில் கொடுத்தார்.

"ரோடு முடியற எடம்ன்றாங்க. மறந்துடாதீங்க சார்."

போனேன். கைப்புத்தகத்தின்படி அங்கே எண்ணெய் மாற்றும் கணக்கும் வந்தது. எல்லோரும் கடலில் முழுகிக் கரையேறுகிற வேளையில், நான் சூடான வண்டிக்கடியில் படுத்துக் கறுப்பு எண்ணெயைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தேன். கையிலும் கன்னத்திலும் எண்ணெய். திதி செய்துவைக்கும் பெரியவர் ஒருவர் குனிந்து, "தம்பி, இது யாருக்குப் பண்றேள்?" என்று கேட்டார். நான் பாட்டிலுக்குக் கார்க்கை அடைத்தேன்.

திரும்பும் வழி முழுக்க அந்தப் பாட்டில் பையிலிருந்து என் முழங்காலை இடித்தது. விழுப்புரம் நெருங்கும்போது போலீசார் நிறுத்தினார்கள். மதுவிலக்கு வந்த புதிது. கார்க் அடைத்த பாட்டிலில் கறுப்பாக ஏதோ இருந்தால் அவர்கள் விடுவார்களா?

"இன்னாய்யா சரக்கு இது?" என்றார் கான்ஸ்டபிள்.

"எண்ணெய். எஞ்சினில் இருந்து எடுத்தது."

"எடுத்தத எதுக்கு அடைச்சு எடுத்துனு போற?" என்று கேட்டவர், விரலை விட்டு நாக்கில் வைத்தார். ரோட்டோரமாக உட்கார்ந்து துப்பிக்கொண்டே இருந்தார்.

சப் இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உபயோகமில்லாத எண்ணெய்தானே? இப்படிக் கீழே கொட்டிட்டு உடனே கிளம்புங்க. இல்லேன்னா ஸ்டேஷனுக்கு வாங்க, பரிசோதனைக்கு அனுப்பிட்டு அப்புறம் பேசலாம்."

மறுநாள் நான் ஆபீசில் இருந்தாக வேண்டும். லீவு முடிந்துவிட்டது. கொட்டிவிட்டுப் போவதுதான் அறிவுள்ளவன் செய்கிற காரியம். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"கொட்ட முடியாது சார். காசியிலிருந்து ஒருத்தர் கங்கை கொண்டு வந்தா, அதைக் கொட்டச் சொல்வீங்களா?"

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வசனம் என்று எனக்கு உறைத்தது. உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மனிதர் நூறு மைல் தாண்டி என் வாய்க்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தார்! சப் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், துப்பிக்கொண்டிருந்த கான்ஸ்டபிளைப் பார்த்தார். குடிக்கிற சரக்கு இல்லை என்பதற்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. "போய்யா" என்றார்.

திருத்தணியில் பாய் நடு ரோட்டிலேயே நின்றிருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எஞ்சின்ல டேப்பட் தட்டுது. காது கேக்கல உங்களுக்கு?"

வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளி நிறுத்திப் பாட்டிலைக் கொடுத்தேன். ஒரு சொட்டை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார்.

"மணலு! காத்து வாய்க்குத் துணி கட்டச் சொன்னேனே!"

"கட்டித்தான் இருந்தேன்."

"கட்ன லட்சணம்!"

நன்றி இல்லை, உட்காருங்கள் என்றுகூட இல்லை. கையிலிருந்த தோல் உறையைக் கழற்றி வண்டியின் மேல் வீசினேன். இந்த மனிதரோடு இனி ஜென்மத்துக்கும் பேச்சில்லை என்று தீர்மானித்துக் கொட்டகை வாசலைத் தாண்டினேன்.

"சார்."

திரும்பினேன். நீல நூலைச் சரியாக இழுத்துக் கட்டி, பாட்டிலை மூக்கருகே பிடித்திருந்தார். கண்களை மூடியிருந்தார். பிறகு மெல்ல என் பக்கம் நீட்டினார்.

"உப்பு வாசனை வருது. இல்ல சார்?"

வாங்கி முகர்ந்தேன். கரிந்த எண்ணெய் வாசனைதான் வந்தது. வேறெதுவும் இல்லை.

"ஆங்," என்றேன். "வருது பாய்."